சிறு படகில் உயிர்த்தொட்டிப் பம்பும் கழுவு பம்பும்: தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

முட்டம், கடியபட்டணம் கரைகளில் சிங்கி இறால் பிடிப்பவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத கணக்கு ஒன்று உண்டு. கரை சேரும்போது துடித்துக்கொண்டிருக்கும் இறாலுக்குக் கிடைக்கும் விலை, வழியிலேயே செத்துப்போன இறாலுக்குக் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் படகில் கடல்நீர் ஓடும் ஒரு தொட்டியும் அதற்கொரு பம்பும் வைக்கிறோம். வலையோடு ஏறிவரும் சேற்றையும் செதிலையும் குருதியையும் தளத்திலிருந்து அடித்துக் கழுவ இன்னொரு பம்பு வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பம்பைக் கொண்டு முடித்துவிடலாம் என்று நம்பி, இரண்டும் சரியாக நடக்காமல் மீண்டும் கடைக்குப் போகிறவர்களைப் பலமுறை பார்த்துவிட்டதால், முதலில் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டிக்குத் தேவை நீரின் அளவு, அழுத்தம் அல்ல. தளம் கழுவத் தேவை அழுத்தம், அளவு அல்ல. தொட்டிப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சிறு இறக்கைச் சக்கரம் நீரை நிறையத் தள்ளும், ஆனால் உயரத் தள்ளாது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பம்பு ஒன்று மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் நீரை ஏற்றவே திணறும். கழுவு பம்போ டயஃப்ரம் வகையைச் சேர்ந்தது. அதற்குள் ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, சிறு வால்வுகள் வழியாக நீரை நெருக்கித் தள்ளுகிறது. அது தரும் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அழுத்தம் ஏறக்குறைய 28 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது: தொட்டிப் பம்பில் ஹோஸ் மாட்டினால் தளத்தில் நீர் வழியும், சேறு நகராது, கழுவு பம்பைத் தொட்டிக்கு நாள் முழுதும் ஓடவிட்டால் அது சூடேறி அடிக்கடி நின்றுபோகும், பேட்டரியும் நண்பகலுக்குள் இறங்கிவிடும்.

கீழே சொல்பவை 6 முதல் 9 மீட்டர் நீளமுள்ள, வெளிப்பொருத்து எஞ்சினும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உள்ள கண்ணாடியிழைப் படகுக்கானவை.

முதல் படி: தொட்டி தேவையா, யாருக்காக?

பம்பைப் பற்றி யோசிக்கும் முன் தொட்டியில் எது இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். களிநண்டு மட்டுமே உங்கள் பிடிப்பு என்றால் இந்தச் செலவே வேண்டாம். கால் கட்டிய நண்டு, செவுள் காயாமல் ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்தால் நீரில்லாமலே நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மாறாக, நீர் மாறாத வாளியில் போட்டால்தான் மூச்சுத் திணறிச் சாகும். சிங்கி இறால், உயிரோடு விற்கும் களவா, தூண்டிலுக்கு உயிர் இரையாக வைத்திருக்கும் சாளை ஆகியவற்றுக்குத்தான் ஓடும் நீர் தேவைப்படுகிறது. மினிக்காய் தீவில் கம்பும் தூண்டிலுமாகச் சூரை பிடிக்கும் பழைய படகுகளில், அடிமரத்தில் துளையிட்டு நீரை உள்ளே விட்டு, ஆட்கள் இறைத்து இறைத்து வெளியேற்றி உயிர் இரையைக் காத்தார்கள். இன்றைய பம்பு செய்வதும் அதே வேலையைத்தான்.

நம் கடலில் இந்த வேலை கூடுதல் கடினமானது. 25 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். நீர் சூடாகச் சூடாக மீனின் மூச்சுத் தேவையோ கூடிக்கொண்டே போகும். ஆகவே குளிர்நாட்டுப் படகுகளுக்காக எழுதப்பட்ட அளவுகளை அப்படியே எடுக்காமல், அவற்றின் மேல்வரம்பை நமக்குக் கீழ்வரம்பாகக் கொள்வது என் வழக்கம். தொட்டிக்கு வெள்ளை நிற மூடி போட்டு வெயிலை மறைப்பது, பம்பை ஒரு படி பெரிதாக வாங்குவதைவிட மலிவான தீர்வு.

இரண்டாம் படி: தொட்டியிலிருந்து தொடங்கும் கணக்கு

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், நீர் நிற்கும் உயரம் 37 செ.மீ. என்றால் தொட்டி ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். அந்த நீரின் எடை 100 கிலோவுக்குச் சற்று அதிகம். அதுவும் அலைக்கு ஏற்ப இடம் மாறும் எடை. அதனால் தொட்டியைப் படகின் நடுவில், சற்றே பின்னுக்குத் தள்ளி, ஏராவின், அதாவது அடிமரத்தின், நேர்மேலே வைக்க வேண்டும். முன்பகுதியான அணியத்தில் வைத்தால் படகு மூக்கை நுழைக்கும், பக்கவாட்டில் வைத்தால் சாயும். சாளை போன்ற இரைமீனுக்கு மூலைகள் வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் அவை மூலையில் குவிந்து முட்டி மூக்கு உரிந்து சாகும். சிங்கி இறால் மூலையைத்தான் விரும்பும். அதற்குச் சதுரத் தொட்டியே போதும்.

இந்த 100 லிட்டரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது முழுதாக மாற வேண்டும் என்பது பொதுவான அளவு. மணிக்கு 600 லிட்டர் என்பது அதன் கீழ்வரம்பு. நம் வெப்பத்துக்கு 800 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பம்பின் மேல் ஒட்டியிருக்கும் எண், ஹோஸும் உயரமும் வளைவும் இல்லாமல் பம்பின் வாயில் அளந்தது. அதுவும் பெரும்பாலும் 13.6 வோல்ட் போன்ற நல்ல மின்னழுத்தத்தில் அளந்தது. ஒரு மீட்டர் ஏற்றமும், இரண்டு மூன்று வளைவுகளும், முனையில் ஒரு தெளிப்பானும் சேர்ந்தால் அதில் பத்தில் ஆறு பங்குதான் தொட்டிக்கு வந்து சேரும் என்று கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது. 800 லிட்டர் கைக்கு வர வேண்டுமென்றால் ஒட்டுத்தாளில் ஏறத்தாழ 1,330 லிட்டர் இருக்க வேண்டும்.

நம் சந்தைக்கு வரும் பம்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க காலன் கணக்கில் எண்ணிடப்பட்டவை. ஒரு காலன் 3.785 லிட்டர், ஆகவே 500 என்று எழுதியிருப்பது மணிக்கு ஏறக்குறைய 1,890 லிட்டர், 800 என்பது 3,030 லிட்டர், 1,100 என்பது 4,160 லிட்டர். நம் 100 லிட்டர் தொட்டிக்கு 500 எண் பம்பே தாராளம். கடையில் 1,100 எண்ணைப் பரிந்துரைப்பார்கள். விலையிலும் அதிக வேறுபாடு இருக்காது. ஆனால் நீரோட்டம் வேகமானால் இரைமீன் அதை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும், வழிந்தோடும் குழாய் தாங்காது, மின்சாரமும் வீணாகும். இந்தப் பொருளில் பெரியது நல்லதல்ல.

மூன்றாம் படி: நீரின் வழி

பம்பு பழுதாகிவிட்டது என்று என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் பம்பில் குறையே இருப்பதில்லை. நீர் உள்ளே வரும் வழியிலோ வெளியேறும் வழியிலோதான் குறை இருக்கும். எனவே இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இம்பெல்லர் பம்புக்கு நீரைத் தானாக உறிஞ்சும் திறன் கிடையாது. அது எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் படகின் அடியில் துளையிட்டு, முன்னோக்கி வாய் திறந்த கரண்டி போன்ற வடிகட்டியைப் பொருத்தியிருப்பார்கள். துறைமுகத்தில் மிதந்தே நிற்கும் படகுக்கு அது சரி. மணலில் தள்ளி இறக்கி, மணலிலேயே இழுத்து ஏற்றும் நம் கரைப்படகுக்கு அது ஆகாது: ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் துளைக்குள் மணல் அடையும், பொருத்தி உடையும். கரைப்படகுக்கு என் முடிவு இதுதான்: துளை டிரான்சம் பலகையில், அதாவது எஞ்சின் மாட்டும் பின்பக்கப் பலகையில், இருக்கட்டும், அதுவும் வேண்டாமென்றால், டிரான்சத்தின் விளிம்பில் கவ்விப் பிடித்து நீரில் தொங்கும் கழற்றக்கூடிய பம்பைப் பயன்படுத்துங்கள். படகு மிதந்து வழுக்கும் வேகத்தில் டிரான்சப் பம்பு நீரை விட்டு வெளியே வந்துவிடும் என்பது உண்மை. மெதுவாக ஓடும் மீன்பிடிப் படகில் அந்தச் சிக்கல் அரிது. எந்த இடமானாலும் துளை எஞ்சினின் விசிறிக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது. அங்கே உண்டாகும் குமிழி விசிறியின் பிடிப்பைக் கெடுக்கும். படகின் அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் நீர் வெளியேறும் வாய்க்கு அருகிலும் வேண்டாம். எண்ணெய் கலந்த அந்த நீர் நேராகத் தொட்டிக்குத் திரும்பி வரும்.

துளையிடும் முறைக்கு அவசரம் ஆகாது. டிரான்சத்துக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். துளையின் சுவரில் அது வெறுமையாகத் தெரிந்தால் சில பருவங்களில் உளுத்துவிடும். முதலில் சிறு துளையை உள்ளிருந்து போட்டு இடத்தை உறுதிசெய்து, வெளிப்பக்கம் நாடா ஒட்டி, வெளியிலிருந்து வட்டத் துளை வெட்டும் ரம்பத்தால் தேவையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். அந்த வெட்டை எபாக்சி கலவையால் நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையிட்டால் பலகையைச் சுற்றி நீர் புகாத வளையம் ஒன்று கிடைக்கும். அடைப்புப் பசையாகப் பாலியூரித்தேன் வகையையே பயன்படுத்த வேண்டும். குளியலறைச் சிலிக்கான் நீர்மட்டத்துக்குக் கீழே நிலைக்காது. பொருத்தியை முதலில் கைப்பிடியாக மட்டும் இறுக்கி, பசை ஓரளவு இறுகிய பின் முழுதாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறாமல் இருக்கும்.

துளையை அடுத்து வால்வு. வீட்டுக் குழாய்க் கடையில் கிடைக்கும் முலாம் பூசிய பித்தளைப் பந்து வால்வைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறும். எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறமான, கையால் முறிக்கக்கூடிய செம்புப் பஞ்சு. வெண்கல வால்வு, அல்லது கண்ணாடியிழை கலந்த நைலான் வால்வுதான் நீர்மட்டத்துக்குக் கீழே வர வேண்டும். மரையிலும் ஒரு கண்ணி உண்டு: நம் ஊர்ப் பொருத்திகளின் மரையும் அமெரிக்கப் பொருத்திகளின் மரையும் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று என்றே இருக்கும், ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகியதுபோலவும் தோன்றும், பிறகு கசியும். எனவே வால்வையும் பொருத்தியையும் ஒரே கடையில், ஒரே வகையில், கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் ஹோஸ் தொடர்ந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் எங்காவது ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். இம்பெல்லர் ஓசையோடு சுழலும், நீர் வராது. தொட்டியிலிருந்து வழிந்தோடும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்: 19 மி.மீ. குழாயில் உள்ளே வந்தால் 38 மி.மீ. குழாயில் வெளியேறட்டும். வெளியேறுவது நீரின் எடையால் மட்டுமே நடக்கிறது, பின்னாலிருந்து தள்ள யாருமில்லை. இதை நான் கற்றது ஓர் இரவில். தொட்டியில் மிதந்த நெகிழிப் பை வழிவாயை அடைத்துக்கொண்டது; பம்பு தன் கடமையைத் தவறாமல் செய்தது; தூக்கத்திலிருந்து எழுந்தபோது கணுக்கால் வரை நீர். நல்ல பம்பு ஒன்று, வெளியேறும் வழி அடைபட்டால், படகை மூழ்கடிக்கும் பம்பு என்பதை அன்றிலிருந்து மறக்கவில்லை. வழிவாய்க்குத் தட்டையான சல்லடை வேண்டாம். பை ஒட்டினாலும் பக்கங்களில் நீர் போகும்படி, உயரமான குழல் வடிவச் சல்லடை வையுங்கள். பில்ஜ் பம்பு தனியாக, தானியங்கி மிதவை விசையுடன், தனி ஃபியூஸில் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு இணைப்பிலும் 316 தர எவர்சில்வர் கிளிப் இரண்டு. அவற்றின் திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். பட்டையில் 316 என்றிருந்தாலும் திருகு சாதாரண இரும்பாக இருப்பதுண்டு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக, கரை திரும்பும்போது நேரும் இழப்பு. கடலில் நன்றாக இருந்த சிங்கி இறால், முகத்துவாரம் கடந்த சிறிது நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. காரணம் பம்பு அல்ல: மழைக்குப் பின் முகத்துவார நீரில் உப்பு குறைந்திருக்கும், துறைமுக நீரில் எண்ணெயும் கழிவும் இருக்கும், பம்பு அதைத்தான் அள்ளிக் கொடுக்கிறது. பம்புக்கு முன்னால் மும்முனை வால்வு ஒன்றை வைத்து, முகத்துவாரத்துக்கு வெளியிலேயே கடல்வாயை மூடி, தொட்டி நீரையே சுழற்றித் தெளிக்கும்படி மாற்றிக்கொண்டால் விற்பனை வரை தாங்கும். வால்வில் சிவப்புக் குறி போட்டு, படகில் வரும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: கழுவு பம்பு

இதில் தேர்வு எளிது. சந்தையில் உள்ளவை நிமிடத்துக்கு 11 முதல் 19 லிட்டர் வரை, 40 முதல் 70 பி.எஸ்.ஐ. வரை தருகின்றன. நம் அளவுப் படகுக்கு 11 லிட்டர், 45 பி.எஸ்.ஐ. போதும், 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேற்பட்டவை 10 ஆம்பியரைத் தாண்டும். ஒற்றை பேட்டரிப் படகுக்கு அது பாரம்.

டயஃப்ரம் பம்பு தானே உறிஞ்சும் என்பதால் நீர்மட்டத்துக்கு மேலேயும், ஒரு மீட்டர் அளவு உயரத்தில், உலர்ந்த இடத்தில் வைக்கலாம். சுவரில் செங்குத்தாகப் பொருத்தினால் பம்புத் தலை கீழும் மோட்டார் மேலும் இருக்க வேண்டும். தலை கசியும் நாளில் நீர் மோட்டாருக்குள் இறங்காமல் தரையில் விழும். உறிஞ்சும் ஹோஸ் கம்பிச் சுருள் உள்ள, வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளாத வகையாக இருக்கட்டும். பம்புக்கு முன்னால் சல்லடை கட்டாயம். செதில் ஒன்று, அல்லது மரையில் அளவுக்கு மீறிச் சுற்றிய டெஃப்லான் நாடாவின் நுனி ஒன்று, உள்ளே போய்ச் சிறு வால்வின் உதட்டில் மாட்டினால் போதும்; பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறாது.

இந்தப் பம்பின் தலையில் அழுத்த விசை ஒன்று உண்டு. முனையை மூடினால் அழுத்தம் ஏறி மோட்டார் நிற்கும், திறந்தால் ஓடும். முனையைப் பாதி திறந்து கழுவும்போது பம்பு வினாடிக்கு வினாடி நின்று நின்று ஓடும் துடிப்பு வரும். அது விசையின் தொடுமுனைகளைத் தீய்த்துவிடும். பம்பை அடுத்து ஒரு லிட்டர் அளவுள்ள சிறு அழுத்தக் கலன் வைத்தால் துடிப்பு அடங்கும். செலவு வேண்டாமென்றால், முழுதாகத் திறந்து கழுவி முழுதாக மூடும் பழக்கமே போதும்.

ஐந்தாம் படி: மின்சாரம்

முதலில் பேட்டரியின் கையிருப்பு. 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியான 30தான் செலவழிக்கத் தக்கது; அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். தொட்டிப் பம்பு 2.5 ஆம்பியரில் எட்டு மணி நேரம் ஓடினால் 20. கழுவு பம்பு 8 ஆம்பியரில் மொத்தம் இருபது நிமிடம் ஓடினால் 2.7. ஏறத்தாழ 23-இல் முடிகிறது. முன்பு சொன்ன 1,100 எண் பம்பு 4 ஆம்பியர் இழுத்தால் தொட்டிக்கு மட்டும் 32, கணக்கு உடைந்துவிடுகிறது. கழுவு பம்பைத் தொட்டிக்கு ஓட்டினாலோ 64. கயிறிழுத்து இயக்கும் சிறிய வெளிப்பொருத்து எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரியை ஏற்றும் வசதியே இராது என்பதை நினைவில் வைத்து, இந்தக் கணக்கை வாங்கும் முன் போட வேண்டும். 50 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 3 ஆம்பியர் அளவு தரும். பகல் தொழிலுக்கு அது பெரிய துணை. காலைக் குளிர்ச்சியில் ஒரு நிமிடம் ஓடி மூன்று நிமிடம் ஓயும்படி நேரவிசை வைப்பதும் நல்ல சிக்கனம். உச்சி வெயிலில் மட்டும் அதைத் தொடர்ச்சிக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஒயர். பேட்டரிக்கும் கழுவு பம்புக்கும் 5 மீட்டர் என்றால் மின்சாரம் போய்வர 10 மீட்டர் செம்பைக் கடக்கிறது. 2.5 சதுர மி.மீ. ஒயரில் 8 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.56 வோல்ட் வழியிலேயே தொலையும்; 4 சதுர மி.மீ. ஒயரில் 0.35 வோல்ட். முதலாவது 4.7 விழுக்காடு, இரண்டாவது 2.9. நான் 4-ஐத்தான் போடுவேன். வீட்டு ஒயர் வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்பிழை ஒயர் விலை கூடுதல்தான், ஆனால் உப்புக் காற்று வெறும் செம்பிழைக்குள் உறைக்கடியில் முழக்கணக்கில் ஏறிக் கறுக்கச் செய்துவிடும். பழைய இணைப்பொன்றை வெட்டிப் பார்த்தால் இது விளங்கும்: நாடா சுற்றிய இடத்தில் பச்சைப் பொடி, அதற்கப்பால் நான்கு விரல் தள்ளி வெட்டினாலும் இழைகள் மூக்குப்பொடி நிறத்தில் இருக்கும், அந்த இழையில் ஈயப்பற்றும் ஒட்டாது.

முறுக்கி நாடா சுற்றுவதைக் கைவிட்டு, அழுத்து இணைப்பியும் உள்ளே பசையுள்ள சுருங்கு உறையும் பயன்படுத்துங்கள். இணைப்புகள் பில்ஜ் நீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பம்பின் மேல் எழுதியுள்ள அளவு ஃபியூஸ் மட்டுமே, பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வர வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியது போடுவது தீக்கு வழி. பெட்ரோல் தொட்டி இருக்கும் மூடிய அறைக்குள் பம்போ விசையோ வருமானால், தீப்பொறி வெளிவராத காப்புள்ள வகை என்று அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆறாம் படி: வெள்ளோட்டம்

எல்லாம் பொருத்திய பின் படகை இறக்கி, முதலில் எதையும் ஓட்டாமல் வால்வைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பிறகு தொட்டிப் பம்பை ஓட்டி, 10 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிறைகிறது என்று எண்ணுங்கள். 45 வினாடி என்றால் மணிக்கு 800 லிட்டர். அந்த எண்ணைத் தொட்டியின் மூடிக்கு உட்புறம் எழுதி வையுங்கள். பின்னாளில் பம்பு களைத்ததா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கழுவு பம்பு ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட் மீட்டர் வைத்து அந்த எண்ணையும் எழுதுங்கள். இறுதியாக, தொட்டிப் பம்பை முழுவேகத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டு, வழிவாய் தாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

பேணுதல்

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இரண்டு பம்புகளிலும் இரண்டு நிமிடம் நன்னீர் ஓட வேண்டும். ஒரு வாளி நன்னீரில் கழுவு பம்பின் உறிஞ்சு ஹோஸைப் போட்டால் அது தானே குடித்துக்கொள்ளும். பிறகு விசையை அணைத்து, முனையைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அழுத்தத்தோடே நின்றால் சவ்வும் ஹோஸும் சோர்ந்துபோகும். சல்லடையைக் கழற்றித் தட்டுவது ஒரு நிமிட வேலை.

மாதம் ஒருமுறை, கடல்வால்வை மூடிவிட்டு, தொட்டிப் பம்பின் மோட்டாரை அதன் கூட்டிலிருந்து சுழற்றி எடுங்கள். வால்வை மூட மறந்தால் அந்தக் கூடே திறந்த துளையாகிவிடும். இம்பெல்லரின் தண்டைக் கவனியுங்கள்: தங்கூசி இழை ஒரு முழம் அங்கே சுற்றியிருப்பது வழக்கம். அது தண்டோடு சுழன்று சுழன்று, நீர்க்காப்பு வளையத்தை நூல் அறுப்பதுபோல அறுத்துவிடும். இழையைக் கத்தியால் வெட்டாமல் பின்னோக்கிச் சுற்றி எடுங்கள். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போதும். எஞ்சின் கிரீஸ் சில ரப்பர்களை ஊதவைக்கும். நீரிலேயே நிற்கும் படகானால் உறிஞ்சு வாயில் கொட்டலசு ஒட்டி வளரும். மரக்குச்சியால் சுரண்டிய பின் வினிகர் கலந்த நீரை அரைமணி நேரம் ஊறவிட்டால் எஞ்சிய சுண்ணம் இளகும். பிளீச்சிங் பவுடரை இதில் கலக்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு அந்த ஓய்வைக் கட்டாயமாகத் தந்துவிடுகிறது. நாட்டுப்படகுக்கும் சிறிய வெளிப்பொருத்து எஞ்சின் படகுக்கும் தடை இல்லை என்பதால் ஓய்வும் இல்லை. ஒரு வாரத்தை நீங்களே ஒதுக்கினால்தான் உண்டு. அந்த வாரத்தில் கிளிப்புகளை மாற்றி, கழுவு பம்பின் சவ்வையும் வால்வுத் தொகுதியையும் புதிதாகப் போட்டு, கடல்வால்வின் கைப்பிடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். ஆண்டு முழுதும் அசையாத வால்வு, தேவைப்படும் இரவில் அசையாது.

ஓடுகிறது, நீர் வரவில்லை

தொட்டிப் பம்பு ஓடி நீர் வரவில்லையென்றால் பத்தில் எட்டு முறை காற்றடைப்பு. பம்பை நிறுத்தி, படகை மெல்லப் பின்னோக்கிச் செலுத்தினால் டிரான்சத்து வாய்க்குள் நீர் தள்ளப்பட்டுக் காற்று வெளியேறும். அதற்கும் மசியாவிட்டால் பம்பின் வெளியேற்று ஹோஸைக் கழற்றி நீர் எட்டிப்பார்க்கும்வரை காத்திருந்து மாட்டுங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் ஹோஸில் மேடு இருக்கிறது.

கழுவு பம்பு ஓடியும் நீர் பிடிக்காவிட்டால், அல்லது முனை மூடியும் நிற்காவிட்டால், சிறு வால்வில் எதுவும் மாட்டவில்லையென்றால் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. அங்கே சோப்பு நீர் தடவிப் பயனில்லை; கசிவு உள்நோக்கியது, குமிழி வெளியே வராது. சல்லடைக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீளத்துக்கு நிறமற்ற ஹோஸ் போட்டு வைத்திருந்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஐயமுள்ள இணைப்பின் மேல் கெட்டி கிரீஸை அப்பிப் பாருங்கள். குமிழி நின்றால் குற்றவாளி அதுதான். பெரும்பாலும் சல்லடைக் கிண்ணத்தின் ரப்பர் வளையமாக இருக்கும்.

மோட்டார் மந்தமாக ஓடினால் பம்பை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள். பேட்டரியில் 12.6, ஓடும் பம்பின் முனையில் 11 என்றால் பழுது ஒயரிலோ ஃபியூஸ் பிடியிலோதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சரியாக இருந்தும் மந்தமென்றால் மோட்டார் முடிந்தது. சிறிய பம்புகளின் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்வதில் பொருளில்லை.

படகில் ஒரு நெகிழி டப்பாவில் இவை இருக்கட்டும்: தொட்டிப் பம்பின் மாற்று மோட்டார், அதன் ரப்பர் வளையம், சல்லடைக் கிண்ணத்தின் வளையம், நான்கு கிளிப், மூன்று ஃபியூஸ், துளை அளவுக்குச் செதுக்கிய கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்று. தக்கையை டப்பாவில் போடுவதைவிட, கடல்வால்வின் கழுத்திலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிடுவது நல்லது. ஹோஸ் பிய்ந்த நொடியில் இருட்டில் டப்பாவைத் தேட நேரம் இருக்காது.